ஒல்லிக்குச்சி செட்டுக்குத் துணை யார்?

2024 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. அமெரிக்காவில் அது சனி இரவு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் வெளியேற்றுச் சுற்றுகள்), டல்லஸ் அணிக்கு எதிராக டல்லஸில் ஆறாவது ஆட்டம். ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஒரு கட்டத்தில் 17 புள்ளி முன்னால் இருந்தது. கடைசியில் 117-116 என்று தோற்று, அந்த வருடத்துக்கு மூட்டை கட்டியது. இரண்டரை நொடி மிச்சமிருக்கும்போது டல்லஸின் பி.ஜே. வாஷிங்டன் மூன்று புள்ளிக்கு எறிய, தண்டரின் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் அவர் கையில் தட்டிய ஃபவுலைப் பற்றித்தான் மறுநாள் எல்லோரும் பேசினார்கள். எனக்கு மனதில் நின்றவர் வேறு ஆள். டல்லஸின் சென்டர் (கூடைக்கடியில் ஆடும் உயரமான ஆள்) டெரெக் லைவ்லி. இருபது வயது, முதல் வருட ஆட்டக்காரர். அன்றைக்கு 15 ரீபவுண்டு எடுத்தார், அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பதினைந்து முறை பிடித்தார்.

அந்தத் தொடரை மறுபடி ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். லைவ்லியும் அவரோடு மாறி மாறி வந்த டேனியல் காஃபோர்டும் பந்துக்காகக் குதித்ததைவிட, பந்து காற்றில் இருக்கும்போது செய்த வேலைதான் அதிகம். தோளால் ஓர் அழுத்து, இடுப்பால் ஓர் இடி. தண்டரின் செட் ஹோம்கிரன் 7 அடி 1 அங்குலம். கையை நீட்டினால் விளக்குக் கம்பம். ஆனால் எடை சுமார் 94 கிலோதான். கூடைக்கு அடியில் இருக்க வேண்டியவர், பந்து இறங்கும் நேரத்தில் ஓரடி தள்ளி நின்றிருப்பார். அந்த ஓரடியில் உயரத்துக்கு வேலை இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. பள்ளியில் உயரம் இருந்த ஒரே காரணத்துக்காக என்னை சென்டர் ஆட வைத்தார்கள். ஊதினால் விழுகிற உடம்பு. ஒரு போட்டியில் எதிரணி சென்டர் என்னைவிட நாலு விரற்கடை குட்டை, ஆனால் உரல் மாதிரி இருந்தார். ஷாட் கிளம்பியதும் நான் அண்ணாந்து பந்தைப் பார்ப்பேன். அவர் பந்தைப் பார்க்கவே மாட்டார். திரும்பி, முதுகை என் நெஞ்சில் வைத்து, அப்படியே உட்காருகிற மாதிரி பின்னால் நகர்வார். சிமென்ட் தரையில் என் ஷூ தேயும் சத்தம் எனக்கே கேட்கும். பந்து வரும்போது நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருப்பேன். “பந்தப் பாக்காதடா, ஆளப் பாரு” என்று மாஸ்டர் கத்திக்கொண்டே இருந்தார். ஆளைப் பார்த்து என்ன செய்ய? அன்று மாலை தொடையெல்லாம் கன்றிப்போயிருந்தது. ஆகவே ஹோம்கிரன் தள்ளப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு விமர்சிக்கத் தோன்றாது; கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் கோடையில் தண்டரின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி முன்னால் இருந்த கேள்வி இதுதான்: 57 ஆட்டம் வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி, பிளேஆஃபில் உடல்பலம் போதாமல் தோற்றிருக்கிறது. என்ன செய்வது? அவர் முன்னால் நாலு வழி இருந்தது. முடிவு என்ன ஆனது என்பது இன்று ஊருக்கே தெரியும். ஆனால் முடிவு தெரிந்த பிறகு எல்லா முடிவும் புத்திசாலித்தனமாகத்தான் தெரியும். அதனால் அன்றைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. கேட்கச் சோம்பேறித்தனமாகத் தெரியும். உண்மையில் இதற்குத்தான் வலுவான வாதம் இருந்தது. ஹோம்கிரனுக்கு அது முதல் சீசன். வலது பாதக் காயத்தால் 2022-23 முழுக்க உட்கார்ந்திருந்தவர், திரும்பி வந்து 82 ஆட்டத்திலும் ஆடினார். சராசரியாக 16.5 புள்ளி, 7.9 ரீபவுண்டு, இரண்டுக்கு மேல் பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிடுவது). ஏழடி ஆள் வெளியே நின்று மூன்று புள்ளி போடுவதால், எதிரணி சென்டர் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அந்தக் காலி இடத்தில்தான் ஷே புகுந்து விளையாடினார். அந்த வருடம் மூன்று புள்ளி சதவீதத்தில் முழு லீகிலும் தண்டர்தான் முதலிடம். இதற்கு நடுவில் ஒரு தடியனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த இடம் அடைபட்டுவிடும் என்ற பயம் நியாயமானது.

கணக்காகப் பார்த்தாலும் சரிதான். ஒரு ரீபவுண்டை விட்டால் எதிராளிக்கு இன்னொரு ஷாட். ஒரு பந்தைப் பறித்தால் அவனுக்கு ஒரு ஷாட் குறைவு. பறிப்பதில் தண்டர் கைதேர்ந்த அணி. ரீபவுண்டில் கடைசி வரிசையில் இருந்தாலும் பறிப்பதில் முன் வரிசையில் இருந்தால் வரவும் செலவும் சரிக்குச் சரி. பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட்டின் அணி 57 ஆட்டம் வென்றது இந்தக் கணக்கில்தான்.

பிளேஆஃபில்தான் இது இடறுகிறது. ஒரே அணியோடு ஆறேழு ஆட்டம். எதிராளி உன் பழக்கத்தைப் படித்துவிட்டு வருவான். பந்தைக் கவனமாக வைத்துக்கொள்வான். பறிப்பு குறையும். மூன்று புள்ளி ஒரு நாள் விழும், மறுநாள் விழாது. ஆனால் தள்ளுகிறவன் எல்லா நாளும் தள்ளுவான். வரவு குறைந்து செலவு மட்டும் அப்படியே நிற்கும். டல்லஸ் தொடரில் நடந்தது கிட்டத்தட்ட அதுவே.

“செட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள், உடம்பு ஏறும்” என்று என் நண்பர் ஒருவர் அப்போது விடாமல் வாதாடினார். எனக்கு ஒப்பவில்லை. சில உடம்பு வாகு அப்படித்தான். எவ்வளவு சோறு போட்டாலும் தோள் அகலாது. தவிர, இருபது கிலோ ஏற்றிவிட்டால் அந்தப் பாதமும் முழங்காலும் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஹோம்கிரனை வேறு ஆளாக மாற்றுவதற்குப் பதில், அடி வாங்குகிற வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுவதுதான் புத்தி.

இரண்டாவது வழி, விலை மலிவான முரட்டு ஆள். சந்தையில் இருந்தார்கள். லிதுவேனியாவின் யோனாஸ் வலன்சூனஸ், மலை மாதிரி மனிதர். மூன்று வருடத்துக்கு மூன்று கோடி டாலருக்கு வாஷிங்டன் போனார். ஆண்ட்ரே டிரம்மண்ட், இந்தத் தலைமுறையின் ரீபவுண்டு இயந்திரம்; இரண்டு வருடம், ஒரு கோடி டாலர், பிலடெல்பியா. இரண்டுமே தண்டரின் பணத்துக்குத் தூசு. ரீபவுண்டு மட்டும்தான் பிரச்சினை என்றால் இதோடு கட்டுரையை முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் பிரெஸ்டி இந்த வழியில் ஒரு முறை நடந்து, முள் குத்தி, திரும்பி வந்தவர். அந்தக் கதையைச் சொல்லாமல் 2024 முடிவு புரியாது.

2010 ஏப்ரல் கடைசி. முதல் சுற்று, ஆறாவது ஆட்டம், எதிரே லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். தண்டரில் அன்று கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், எல்லோரும் சின்னப் பையன்கள். ஒரு புள்ளி முன்னால். கோபி பிரையன்ட் எறிந்த கடைசி ஷாட் தவறியது. ஓக்லஹோமா அரங்கமே எழுந்தது. ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பாவ் கசோல் எடுத்துத் திரும்பப் போட்டார். அரை நொடி மிச்சம். 95-94. ஒரே ஒரு ரீபவுண்டு, சீசன் முடிந்தது. அதே கசோலும் அதே லேக்கர்ஸும் ஒன்றரை மாதம் கழித்து, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனை எதிர்த்து எதிராளியின் கூடைக்கடியிலேயே 23 ரீபவுண்டு அள்ளிக் கோப்பையைத் தூக்கினார்கள். அன்று பாஸ்டனுக்கு ஆட முடியாமல் போன ஆள் கென்ட்ரிக் பெர்கின்ஸ். ஆறாவது ஆட்டத்தில் முழங்கால் போயிருந்தது.

அடுத்த பிப்ரவரியில் பிரெஸ்டி அந்த பெர்கின்ஸையே வாங்கினார். ஜெஃப் கிரீனையும் நேநாத் கிர்ஸ்டிச்சையும் கொடுத்து. நோக்கம் வெட்ட வெளிச்சம்: கசோல், பைனம் என்ற லேக்கர்ஸ் மதில்சுவருக்கு எதிராக ஒரு மதில்சுவர். 2012-ல் லேக்கர்ஸை 4-1 என்று அனுப்பியும் வைத்தார்கள். வாங்கிய வேலை முடிந்தது.

அப்புறம் இறுதித் தொடரில் வந்தது மயாமி. அவர்கள் கிறிஸ் பாஷ் என்ற, வெளியே நின்று எறியத் தெரிந்த ஆளை சென்டராகப் போட்டார்கள். பெர்கின்ஸுக்குத் தள்ள ஆள் இல்லை. மோதிக்கொள்ள வந்த மல்லன் முன்னால் எதிராளி கபடி ஆடுகிற மாதிரி ஆகிவிட்டது. தண்டர் 4-1 என்று தோற்றது. சண்டைக்கு வாங்கிய ஆள், சண்டை இடம் மாறியதும் பாரமாகிவிட்டார். பெர்கின்ஸ் மேல் குற்றமில்லை. அவர் அவராகவே இருந்தார்.

இதனால்தான் வலன்சூனஸோ டிரம்மண்டோ வாங்கியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. டல்லஸுக்கு எதிராக நல்ல விடை. ஆனால் ஒரு தொடரில் லைவ்லி வருவார், அடுத்த தொடரில் வெளியே நின்று எறிகிற சென்டர் வருவார். இவர்களை மைதானத்தின் நடுவில், பந்தை ஓட்டிவரும் வேகமான கார்டுகளுக்கு எதிரே தனியாக நிறுத்தினால் அம்போதான். உட்கார வைக்கலாம், விலை மலிவுதானே என்பீர்கள். சரி. ஆனால் எந்த ஆட்டத்துக்காக வாங்கினோமோ அந்தப் பெரிய ஆட்டங்களிலேயே உட்கார வைக்க வேண்டியவரை வைத்து என்ன பயன்? 2024 பிப்ரவரியில் பிஸ்மாக் பியோம்போவைச் சேர்த்தபோதே இதைப் பார்த்தோம். பலசாலிதான். டல்லஸ் தொடர் சூடானபோது அவரை நம்பி நிமிடங்களைக் கொடுக்க முடியவில்லை.

மூன்றாவது வழி டிராஃப்ட், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்டரிடம் அந்த வருடம் 12-ஆவது தேர்வு இருந்தது. எதிர்காலத் தேர்வுகளோ பெட்டி நிறைய. டோனவன் கிளிங்கன் 7-ஆவதாகவும், 7 அடி 4 அங்குல சாக் ஈடி 9-ஆவதாகவும் போனார்கள். அவர்களைப் பிடிக்க மேலே ஏறியிருக்க வேண்டும். கெலெல் வேர் 12-க்கே கிடைத்திருப்பார், பிறகு 15-ல் மயாமி எடுத்தது. தண்டர் எடுத்ததோ நிகோலா டோப்பிச், முழங்கால் அறுந்த நிலையில் இருந்த ஒரு செர்பிய கார்டு! பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது. இருபது வயது சென்டர் எவருக்கும் பாக்ஸ் அவுட் (எதிராளியை முதுகால் தள்ளி வைப்பது) கற்கவே இரண்டு வருடம் ஆகும். லைவ்லி விதிவிலக்கு. உடனே கோப்பை வெல்லும் நிலையில் இருக்கிற அணி, நாற்று நட்டுவிட்டு நாளைக்கே அறுவடை எதிர்பார்க்க முடியாது. ஈடி மெம்பிஸில் நன்றாகத்தான் தொடங்கினார். ஆனால் அடுத்த ஏப்ரலில் அதே மெம்பிஸைத் தண்டர் முதல் ஆட்டத்தில் 131-80 என்று நசுக்கி, தொடரை 4-0 என்று முடித்தது. உயரமும் எடையும் மட்டும் போதுமென்றால் அது நடந்திருக்காது.

நாலாவது வழி ஐசையா ஹார்டன்ஸ்டைன்.

பெயர் பெரிய பெயர் இல்லை. 2017-ல் 43-ஆவதாக எடுக்கப்பட்டவர். அமெரிக்காவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். பல அணி மாறி நியூயார்க் நிக்ஸுக்கு வந்தார். அங்கே மிட்செல் ராபின்சன் காயப்பட்டதால்தான் 2023-24-ல் முதல் ஐந்தில் இடம் கிடைத்தது. அந்த வருடச் சராசரி 7.8 புள்ளி, 8.3 ரீபவுண்டு. இந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள், இவருக்கு மூன்று வருடம் 8.7 கோடி டாலரா என்று வாயைப் பிளந்தார்கள். முதல் வருடம் மட்டும் மூன்று கோடி. ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துக் கிண்டல் செய்தவர்களும் உண்டு.

நான் நிக்ஸ் ஆட்டங்களை அந்த வருடம் நிறையப் பார்த்தேன்; அதனால் கிண்டலில் சேரவில்லை. இந்த மனிதர் செய்கிற வேலை புள்ளிவிவரத்தில் பாதிகூட வராது. ஸ்கிரீன் வைப்பதை, அதாவது நம் ஆளைத் துரத்துகிறவன் வழியில் நின்று மறிப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். பலர் ஸ்கிரீன் என்ற பெயரில் பக்கத்தில் போய் நின்றுவிட்டு நழுவுவார்கள். இவர் சுவர் எழுப்புவார். ஷேயைத் துரத்துகிறவன் அந்தச் சுவரில் முட்டி, அரை நொடி மூச்சு வாங்குவான். ஷேவுக்கு அரை நொடி போதும். அப்புறம் பந்தைக் கையில் வாங்கி முழங்கை உயரத்தில் வைத்துக்கொண்டு, யார் வெட்டி ஓடுகிறார்கள் என்று பார்த்துக் கொடுப்பார். ஒருவரும் இல்லையென்றால் கூடைக்குப் பத்தடி தூரத்திலிருந்து ஒரு கையால் மெதுவாகத் தூக்கிப் போடுவார்; பார்க்க அழகாக இருக்காது, உள்ளே விழும். இந்த ஷாட் இருப்பதால் அவருடைய ஆள் அவரை விட்டுவிட்டு கூடைக்கடியில் போய் நிற்க முடியாது. மூன்று புள்ளி எறியத் தெரியாத சென்டர் இடத்தை அடைப்பார் என்ற பயத்துக்குப் பாதி விடை இது. ஏழடி, 113 கிலோ எடை. அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடவும் தெரிகிறது. பெர்கின்ஸுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

வேறு ஒருவரும் இந்த விலையில் இருந்தார்: நிக் கிளாக்ஸ்டன். புரூக்ளின் அவருக்கு நான்கு வருடத்துக்குப் பத்துக் கோடி கொடுத்து வைத்துக்கொண்டது. நல்ல டிஃபெண்டர், கார்டுகளோடுகூட ஓடுவார். ஆனால் அவரும் ஒல்லி. ஒல்லிக்குத் துணை ஒல்லி என்றால் பழைய கதைதான்.

இப்போது பணத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எனக்கு இந்த முடிவில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். லீக் விதிப்படி நிக்ஸ் அவருக்கு அதிகபட்சம் நான்கு வருடம், 7.25 கோடி டாலர்தான் கொடுக்க முடியும். தண்டர் அதைவிடக் குறைந்த வருடம், அதைவிடக் கூடுதல் பணம் கொடுத்தது. அது மட்டுமில்லை: மூன்றாவது வருடத்து 2.85 கோடியைக் கொடுப்பதா வேண்டாமா என்ற உரிமை அணியின் கையில். அந்த மூன்றாவது வருடம் 2026-27. ஹோம்கிரனும் ஜேலன் வில்லியம்ஸும் புதுமுகங்களுக்கான ரூக்கிச் சம்பளத்தை விட்டு மலை மாதிரிப் புதுச் சம்பளத்துக்குப் போகும் வருடமும் அதுவே. அதாவது நட்சத்திரங்கள் மலிவாக இருக்கிற இரண்டு வருடத்துக்கு மட்டும், தேவைக்கு அதிகமாகவே விலை கொடுத்து ஆளை எடுத்திருக்கிறார்கள். வீட்டில் கல்யாணம் வருகிறது, இரண்டு நாளைக்குக் கேட்ட வாடகையைக் கொடுத்து மண்டபம் பிடித்தாயிற்று. மண்டபத்தை விலைக்கு வாங்கவில்லை. வருடத்துக்கு மூன்று கோடி அதிகம் என்று கத்தியவர்கள், எத்தனை வருடத்துக்கு என்று கேட்க மறந்துவிட்டார்கள்.

ஹார்டன்ஸ்டைனுக்குப் பத்து நாள் முன்னால் நடந்த இன்னொரு மாற்றத்தையும் இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும். ஜாஷ் கிடியை சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கினார்கள். கரூசோ 6 அடி 5 அங்குல கார்டு. பிக் மேன், அதாவது கூடைக்கடியில் ஆடும் பெரிய ஆட்களைப் பற்றிய கட்டுரையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பொறுங்கள்.

நடந்தது என்ன? முதலில் ஒன்றுமே திட்டப்படி நடக்கவில்லை. சீசன் தொடங்குமுன் ஒரு பயிற்சி ஆட்டத்திலேயே ஹார்டன்ஸ்டைனின் இடது கை எலும்பு முறிந்தது. நவம்பர் 10-ம் தேதி, கோல்டன் ஸ்டேட்டின் ஆண்ட்ரூ விக்கின்ஸைத் தடுக்கப் போன ஹோம்கிரன் விழுந்து வலது இடுப்பெலும்பு முறிந்தது. மூன்றாவது சென்டரான ஜேலின் வில்லியம்ஸும் காயத்தில் இருந்தார். அணியில் பிக் மேன் என்று சொல்ல ஆளே இல்லை. 6 அடி 5 அங்குல ஜேலன் வில்லியம்ஸ் நடு வட்டத்தில் போய் ஜம்ப் பால் குதித்தார்! (ஜேலின் வேறு, ஜேலன் வேறு. இந்த அணியைப் பின்தொடர்வதில் உள்ள நிரந்தரத் தலைவலி இது.) அப்போதும் சில ஆட்டங்களை வென்றார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதே மேல் என்ற கட்சிக்காரர் குஷியானார். ஆனால் இரண்டு பிக் மேன்களில் ஒருவர் விழுந்தால் மற்றவர் இருப்பார் என்பதும் ஒரு கணக்குத்தானே? நவம்பர் 20-ல் ஹார்டன்ஸ்டைன் வந்தார். ஹோம்கிரன் திரும்பியது பிப்ரவரி 7-ல். இடையில் இரண்டரை மாதம் கடையைப் பார்த்துக்கொண்டவர் ஹார்டன்ஸ்டைன். 57 ஆட்டம், சராசரி 11.2 புள்ளி, 10.7 ரீபவுண்டு, 3.8 அசிஸ்ட். அணி 68 ஆட்டம் வென்றது, 14 தோல்வி. ஹோம்கிரன் மொத்தமே 32 ஆட்டம்தான் ஆடினார் என்பதை வைத்து அந்த 68-ஐப் பாருங்கள்.

இருவரும் சேர்ந்து ஆடியபோது நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. எதிரணி மல்லனோடு மல்லுக்கட்டுவது ஹார்டன்ஸ்டைன் வேலை. ஹோம்கிரன் மூலையில் நிற்கிற ஆளைப் பெயருக்குக் காவல் காத்துக்கொண்டு, யாராவது கூடைக்கு வந்தால் பக்கவாட்டிலிருந்து கொக்கு மாதிரி வந்து தட்டிவிடுவார். தள்ளப்படாத ஹோம்கிரன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பது அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

ஆனால் பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் சோதனை டென்வரில் இருந்து வந்தது. அவர்களுடைய சென்டர் நிகோலா யோகிச். முதல் ஆட்டத்தில் 42 புள்ளி, 22 ரீபவுண்டு. இரண்டு ஏழடிக்காரர்களை வைத்துக்கொண்டும் தண்டர் 121-119 என்று தோற்றது. 8.7 கோடி எங்கே போனது என்று கேட்டவர்கள் பலர். அன்று காலை நானும் கேட்டேன். தொடர் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது.

அந்த ஏழாவது ஆட்டத்தில் டெய்க்னால்ட் ஒரு காரியம் செய்தார். யோகிச்சின் மேல் கரூசோவைப் போட்டார். ஒருவர் 129 கிலோ, மற்றவர் 84 கிலோ சொச்சம். கரூசோ முதுகுப் பக்கம் நின்று தள்ளவில்லை. யோகிச்சுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பந்து அவர் கைக்குப் போவதையே தடுக்கிற வேலை. கையைப் பிடிப்பது, முட்டியால் அழுத்துவது, விழுவது, எழுவது, மறுபடி முன்னால் ஓடுவது. தலைக்கு மேலே தூக்கிப் போட்டால்? பின்னால் ஏழடி ஆள் காத்திருந்தார். பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் முன்னால் ஒருவர் இப்படி ஆட முடியும். தொடக்கத்தில் பின்தங்கியிருந்த தண்டர், 125-93 என்று வென்றது. யோகிச் 20 புள்ளியோடு நின்றார்.

பிக் மேன்கள் மிருதுவாக இருக்கிறார்கள் என்று சொல்லும்போது நாம் பிக் மேன்களை மட்டுமே பார்க்கிறோம். தண்டரில் முரட்டுத்தனம் கார்டுகளிடமும் இருந்தது: கரூசோ, லூ டார்ட், கேசன் வாலஸ். ஹார்டன்ஸ்டைனை எடுத்தது சரி என்று நான் இன்றும் சொல்வேன். ஆனால் கரூசோ இல்லாமல் அவரை மட்டும் எடுத்திருந்தால் டென்வரைத் தாண்டியிருப்பார்களா என்று கேட்டால் தயங்குவேன். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால்? என் விடை கரூசோ. நண்பர் இதைப் படித்தால் சிரிப்பார், பரவாயில்லை.

இறுதித் தொடரில் எதிரே வந்தது இண்டியானா. ஓயாமல் ஓடுகிற அணி. அவர்களுடைய சென்டர் மைல்ஸ் டர்னர் வெளியே நின்று எறிபவர். 2012 மயாமியின் வாடை அடித்தது. இந்த முறை டெய்க்னால்ட் காத்திருக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே, அந்த பிளேஆஃப் முழுக்கத் தொடக்க ஐந்தில் இருந்த ஹார்டன்ஸ்டைனை உட்கார வைத்துவிட்டு வாலஸை இறக்கினார். ரீபவுண்டு கணக்கு 56-39 என்று போனது, கடைசி 0.3 நொடியில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட ஷாட்டில் 111-110 என்று தோற்றார்கள். உயரம் குறைந்த இந்த ஐவரோடு இன்னும் இரண்டு ஆட்டம் தொடங்கிப் பார்த்தார். மூன்று ஆட்டம் முடிந்தபோது இண்டியானா 2-1 என்று முன்னால். நாலாவது ஆட்டத்தில் ஹார்டன்ஸ்டைன் திரும்பத் தொடக்க ஐந்தில். 111-104, தொடர் சமன்.

மூன்று கோடி டாலர் சம்பளக்காரரை இறுதித் தொடரில் பெஞ்சிலிருந்து வரச் சொன்னார்கள், பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டபோது வந்தார், ஸ்கிரீன் வைத்தார், இடுப்பைக் கொடுத்தார், போனார். 2012-ல் பெர்கின்ஸை வைத்து இப்படி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கவே இல்லை.

2025 ஜூன் 23, திங்கட்கிழமை, நம்மூரில் காலை ஐந்தரைக்கு ஏழாவது ஆட்டம் தொடங்கியது. 103-91 என்று தண்டர் வென்று கோப்பையைத் தூக்கியது. ஹோம்கிரன் 18 புள்ளி, 8 ரீபவுண்டு, 5 பிளாக். பிளாக்குக்குக் கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகு, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவ்வளவு பிளாக் எவரும் செய்ததில்லை. எடை மட்டும் அப்படியேதான் இருந்தது.